காவல் போன்

கூத்தனாற்று அணையின் மதகைத் திறந்து மூடுவது கணக்குப்பிள்ளையின் பொறுப்பு. கணக்குப்பிள்ளை என்றால் ஆள் இல்லை. அணைக்கட்டு ஆபீசில் பீரோ அளவுக்கு நிற்கிற ஒரு யந்திரமும், அதிலிருந்து பேசும் ஒரு குரலும்தான். அரசாங்கம் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றை வைத்திருந்தது. சதா தலையை எண்ணிக்கொண்டே இருக்கிறதே என்று மலைக்காரர்கள் கணக்குப்பிள்ளை என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தவசியிடம் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டால் அவருக்கே சிரிப்பு வரும். முன்பு மதகைத் திருப்பினவர். இப்போது மதகு திரும்புவதைப் பார்க்கிறவர்.

அணை மலையில் இருந்தது, அதன் தண்ணீரைக் குடிக்கிற நகரம் அடிவாரத்துக்கும் அப்பால் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்காரர்கள் வேன் பிடித்து மேலே வருவார்கள். கரையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், மிளகாய் பஜ்ஜி தின்பார்கள், இந்தத் தண்ணியா நம்ம வீட்டுக் குழாயில வருது என்று ஆச்சரியப்படுவார்கள். அணைக்குக் கீழே ஆற்றோரம் இருந்த அடுக்குப்பாறைக்காரர்கள் அந்தத் தண்ணீரில் ஒரு குடம்கூடக் குழாயில் பிடித்ததில்லை. அணையால் அவர்களுக்குக் கிடைத்தது காய்ந்துபோன ஆறுதான். அதை வைத்தே பிழைத்தார்கள். ஓட்டம் நின்ற ஆற்றுப்படுகையில் வண்டல் படிந்து கிடந்தது. அதில் பாத்தி கட்டிப் பூண்டு போட்டார்கள். ஆற்றுப் பூண்டு என்றால் சந்தையில் தனி மவுசு. சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. சட்டம் படித்தவர்களும் அந்தப் பூண்டைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

சிக்கல் பங்குனியில் வரும். நகரத்தில் தொட்டிகள் வற்றுகிற மாசமும் பூண்டு பிடுங்குகிற மாசமும் ஒன்று. அடிவாரத்துப் பம்ப் ஹவுஸ் வரைக்கும் தண்ணீர் போக வேறு வழி கிடையாது, ஆறுதான் வழி. தவசி மதகு திருப்பிய காலத்தில் மூன்று தரம் சங்கு ஊதுவார்கள். படுகையில் நிற்கிறவர்கள் பிடுங்கினது பாதி, பிடுங்காதது பாதியாகக் கரையேறுவார்கள். பிறகு மலையில் பெரிய பெரிய விடுதிகள் வந்தன. சங்குச் சத்தத்தில் விருந்தாளிகளுக்குத் தூக்கம் கெடுகிறது என்று எழுதிப்போட்டார்கள். சங்கு போயிற்று, கணக்குப்பிள்ளை வந்தது.

மலையில் பாதி நாள் மூடுபனி. கேமரா வைத்தால் வெள்ளைத் துணியைத்தான் பார்க்கும். அதனால் கணக்குப்பிள்ளை ஆளைப் பார்ப்பதில்லை, ஆள் மடியில் இருக்கிற போனைப் பார்க்கும். படுகையில் போன் இருந்தால் ஆள் இருக்கிறார் என்று பொருள். அந்தப் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும், அவர் கரையேறும்வரை காத்திருக்கும். யாரும் இல்லையென்றால் திறந்துவிடும். அணை ஊழியர்கள் நீர்மட்டம் அளக்க அடிக்கடி படுகையில் இறங்குவதால் அவர்கள் போன்களை மட்டும் கணக்கில் சேர்க்காது.

இதில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது தவசியின் சம்சாரம் பவுன்தாயி. கண்டுபிடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒருநாள் போனைப் பாத்தியிலேயே மறந்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ரெண்டு நாள் தண்ணீர் வரவில்லை. மூன்றாம் நாள் போய்ப் போனை எடுத்தாள், அன்று சாயங்காலமே வந்தது. அவ்வளவுதான். மறுவருசம் பங்குனியில் ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு குச்சி, குச்சியில் ஒரு பழைய போன், அதற்குக் கையகலத்தில் ஒரு சோலார் தகடு. காவல் போன் என்று பெயர் வைத்தார்கள். சில பேர் குச்சிக்குச் சட்டைகூட மாட்டிவிட்டார்கள். கடைசிப் பூண்டு கரையேறுகிற வரைக்கும் மதகு வாயைத் திறக்கவில்லை. தவசிக்கு எல்லாம் தெரியும். கீழே இருந்து போன் வந்தால், "ஆமா சார், படுகையில ஆளு நிக்கிறாங்க சார்" என்று முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் சொல்லுவார்.

மூன்றாம் வருசம் நகரத்திலிருந்து செயற்பொறியாளர் அமலதாஸ் மேலே வந்தார். கெட்ட மனுசர் இல்லை. படுகையில் இறங்கி ஒரு குச்சிக்கு முன்னால் நின்றார். குச்சி நீலச் சட்டை போட்டிருந்தது.

"இவருதான் அந்த ஆளா?" என்று கேட்டார்.

தவசி தலையைச் சொறிந்தார்.

"சிரிக்க முடியல தவசி. கீழ நாலு நாளாத் தண்ணி இல்ல. டயாலிசிஸ் பண்ண வந்தவங்களை ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பிட்டாங்க. அதுல ஒரு அம்மா வீட்டுக்குப் போய்ச் சேரல. இந்தச் சட்டைக்காரருக்கு அது தெரியுமா?"

அன்று ராத்திரி தவசி அதைப் பவுன்தாயியிடம் சொன்னபோது அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். இருந்தாலும், "பூண்டு போச்சுன்னா நம்மளும்தான் போயிருவோம்" என்றாள். ரெண்டும் உண்மைதான். ரெண்டையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அமலதாஸ் கணக்குப்பிள்ளைக்குப் புதுப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கால்மணி நேரம் அசையாமல் கிடக்கிற போன் ஆள் இல்லை.

"தூங்குறவன் என்ன சார் பண்ணுவான்?" என்று தவசி கேட்டார்.

"தூங்குறவனும் புரண்டு படுப்பான் தவசி. உசுரோட இருக்கிற மனுசன் கால்மணி நேரம் கல்லு மாதிரி கெடக்க மாட்டான்."

போகும்போது மதகின் கைச்சக்கரத்தையும் கழற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். "உங்க மேல சந்தேகம் இல்ல. ஊருக்குள்ள பொண்ணு எடுத்திருக்கீங்க, உங்களுக்கு எதுக்கு இந்தத் தர்மசங்கடம்" என்றார். தவசிக்கு அது மரியாதையாகத்தான் பட்டது. அதுதான் வேதனை.

இனி ஏமாற்ற முடியாது என்று தெரிந்தபின் அடுக்குப்பாறை கணக்குப்பிள்ளையோடு அனுசரித்துப் போகப் பழகிக்கொண்டது. தவசி தண்ணீர் திறக்கிற நாளை முன்கூட்டியே கேட்டுச் சொல்லுவார், அதற்குள் பிடுங்கிக்கொள்ளுவார்கள். இந்த வருசமும் அப்படித்தான். வாய்க்கட்டு நாளன்று காலையில் அவர் டியூட்டிக்குக் கிளம்பும்போது பவுன்தாயி கேட்டாள்.

"ஏங்க, இன்னைக்குத் தண்ணி விடமாட்டாகள்ல?"

"நாளைக்குக் காலையிலதான்."

"கணக்குப்பிள்ளைகிட்டக் கேட்டீகளா, நீங்களாச் சொல்றீகளா?"

"கேட்டுட்டேன்டி. நீ நிம்மதியாப் பொங்க வையி."

வாய்க்கட்டு என்பது முதல் பூண்டு பிடுங்குகிற நாளின் பூசை. படுகையின் பள்ளத்தில் ஊற்றுத் தோண்டி, அந்தத் தண்ணீரிலேயே பொங்கல் வைப்பார்கள். பானை ஏற்றியதிலிருந்து பொங்குகிறவரை ஒருத்தரும் பேசக்கூடாது. எல்லோரும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பானையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். இடையில் யாராவது சத்தம் கொடுத்தாலோ எழுந்து போனாலோ அந்த வருசப் பூண்டு பரணிலேயே அழுகிவிடும் என்று நம்பிக்கை. ஆடுகளைக்கூடத் தூரமாய்க் கொண்டுபோய்க் கட்டுவார்கள். போன்களை எல்லாம் ஒரு கூடையில் வாங்கிப் போட்டு, சாக்கைச் சுற்றி, படுகைக்குள்ளேயே ஓரமாய் இருக்கிற மேட்டுப்பாறையில் வைத்துவிட்டுத்தான் பள்ளத்துக்கு இறங்குவார்கள். யாருடைய பாத்தி ஆகக் கீழே இருக்கிறதோ அந்த வீட்டுப் பெண் பானை வைக்க வேண்டும். இந்த வருசம் பவுன்தாயியின் முறை.

மத்தியானத்துக்குப் பிறகு பனி இறங்கியது. தவசி டீ போட்டுக்கொண்டிருந்தபோது கணக்குப்பிள்ளை பேசியது.

"நகரில் பிரதானக் குழாய் உடைந்து இரண்டு தொட்டிகள் காலியாகிவிட்டன. அவசரக் கோரிக்கை வந்துள்ளது. மதகு திறக்கப்படுகிறது."

தவசி டம்ளரை வைத்துவிட்டு வந்தார். "இன்னைக்கு இல்லையே. நாளைக்குத்தான?"

"திட்டம் மாற்றப்பட்டுள்ளது."

"படுகையில ஆளு இருக்கு. ஊரே இருக்கு."

"படுகையில் மனிதர் எவரும் இல்லை. இருபத்தாறு போன்கள் உள்ளன. அவை அசையவில்லை."

"அது காவல் போன் இல்ல. பூசைக்காகக் கூடையில போட்டு வச்சிருக்காங்க. இப்பத்தான நடந்து வந்திருக்கு, நீயே பாத்திருப்பேல்ல?"

"காவல் போன்களும் நடந்துதான் வந்தன. வைத்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். மேலும், இருபத்தாறும் ஒரே இடத்தில் உள்ளன. ஒரு சதுர அடியில் இருபத்தாறு மனிதர் நிற்க இயலாது."

பேச்சில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. தவசி கைச்சக்கரம் இருந்த இடத்தைப் பார்த்தார். நாலு போல்ட் துளைகள்தான் இருந்தன. 'நிறுத்து' என்ற சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கோரிக்கை பதிவாகிவிட்டது, மேலதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கவும் என்றது குரல். கீழே மதகு முனகிக்கொண்டு உயரத் தொடங்கியது.

அமலதாஸ் உடனே எடுத்தார். பின்னால் ஒரே கூச்சலாக இருந்தது, குழாய் உடைந்த இடத்தில்தான் நின்றிருக்க வேண்டும்.

"சார், ஷட்டரை நிறுத்தச் சொல்லுங்க சார். படுகையில ஆளு இருக்காங்க."

"எத்தனை பேரு?"

"முப்பது பேருக்கு மேல. பூசை நடக்குது."

அமலதாஸ் திரையைப் பார்த்திருக்க வேண்டும். "ஒருத்தரும் இல்லன்னு காட்டுதே தவசி."

"போனை எல்லாம் கழட்டி வச்சிருக்காங்க சார். சத்தியமாச் சார்."

"ரெண்டு வருசம் முன்னாடியும் இதே குரல்லதான் சொன்னீங்க. நான் நம்பினேன். அந்தம்மா போயிருச்சு." அவர் கோபப்படவில்லை. களைத்துப் போயிருந்தார். "இன்னைக்கும் ஆஸ்பத்திரியில வரிசையா உக்காந்திருக்காங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"சார், என் பொண்டாட்டி அங்க இருக்கா."

"இருங்க, பாக்குறேன். ஒப்புதல் போட ரெண்டு பேரு கையெழுத்து வேணும், இன்னொருத்தரைப் பிடிக்கிறேன்" என்றார் அமலதாஸ். தவசி அதற்குமேல் நிற்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டார்.

வழியெல்லாம் பனி. ஒரு கையால் பவுன்தாயிக்குப் போன் அடித்தார். மணி போயிற்று, எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள் என்று தெரியும். தானே படுகையில் குதித்தால் கணக்குப்பிள்ளை நிறுத்துமா என்று ஒரு கணம் தோன்றியது. நிறுத்தாது. அவருடையது ஊழியர் போன். இந்த மலையில் எந்தக் கணக்கிலும் சேராத ஆள் அவர் ஒருத்தர்தான். ஆனால் கூடையில் இருப்பவை ஊர்க்காரர்களின் போன்கள். ஒரே இடத்தில் இருந்தாலும் அசைகிற போன் ஆள்தான், அமலதாஸ் சொல்லிக் கொடுத்த பாடம் அதுதான். அந்தக் கூடையை எடுத்துக் குலுக்கினால் போதும், இருபத்தாறு பேருக்கும் உயிர் வந்துவிடும். அந்த ஒரு நினைப்பில்தான் வளைவுகளில் பிரேக்கைத் தொடாமல் இறங்கினார்.

மேட்டுப்பாறைக்குப் போகும் முன்பே சத்தம் கேட்டது. சாக்குக்குள்ளிருந்து இருபத்தாறு போன்களும் ஒன்றாய் அலறிக்கொண்டிருந்தன. திறக்கும் முன் எல்லா எண்களுக்கும் எச்சரிக்கை அனுப்புவது சட்டம். கணக்குப்பிள்ளை சட்டத்தை மீறாது. கீழே பள்ளத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அது லேசாகக் கேட்டிருக்கிறது. பிறகு அவர்களே சொன்னார்கள். ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்களாம். பானை பொங்க இன்னும் கொஞ்ச நேரம்தான், யார் எழுந்து ஊர்ப் பூண்டை அழுக வைப்பது என்று ஒருத்தரும் எழவில்லையாம். தண்ணீர் இன்றைக்கு இல்லை என்று தவசி அண்ணனே சொல்லியிருக்கிறாரே என்ற தைரியம் வேறு.

தவசி கூடையைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தை நோக்கி ஓடினார். போன்கள் குதித்தன. "எந்திரிங்க, கரையேறுங்க, தண்ணி வருது" என்று தொண்டை கிழியக் கத்தினார். பனிக்குள் உருவங்கள் எழுந்தன. எழுந்தவர்கள் அந்த நேரத்திலும் வாய்த்துணியை அவிழ்க்காமல் ஓடினார்கள், சத்தமே இல்லாமல் ஓடினார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து கணக்குப்பிள்ளையின் குரல் கேட்டது.

"படுகையில் இருபத்தாறு மனிதர்கள் கண்டறியப்பட்டுள்ளனர். மதகு மூடப்படுகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி."

மதகு மூடியது. ஏற்கெனவே கிளம்பிவிட்ட தண்ணீரைத் திரும்பக் கூப்பிட எந்தக் கணக்கிலும் வழி இல்லை. அது வளைவைத் தாண்டி வந்தது. பெரும்பாலானவர்கள் கரையைப் பிடித்துவிட்டார்கள். பவுன்தாயி ஆகக் கீழே இருந்தாள். அவள் பானையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்ததைத் தவசி பார்த்தார். அவர் பக்கம் கையைக்கூட நீட்டினாள். அதற்குமேல் அவர் பார்த்தது தண்ணீரைத்தான்.

போனவர்கள் ஐந்து பேர். நாலு பேரை மறுநாளே எடுத்துவிட்டார்கள். பவுன்தாயி கிடைக்கவில்லை.

தேடுவதற்காக ரெண்டு நாள் மதகை மூடி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் தீயணைப்புக்காரர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நகரத்துத் தொட்டிகள் அதற்குமேல் தாங்காது. விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் கணக்குப்பிள்ளை தன் கணக்கைச் சரியாக ஒப்பித்தது. சம்பவத்தின்போது படுகையில் கண்டறியப்பட்டோர் இருபத்தாறு பேர். கரையேறியோர் இருபத்தாறு பேர். விடுபட்டோர் எவருமில்லை. உண்மைதான். கூடையோடு தவசி கரையேறியபோது போன்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

மறுபடி மதகு திறந்தால் கிடக்கிற இடத்திலிருந்தும் அவளை அடித்துக்கொண்டு போய்விடும். பம்ப் ஹவுஸ் கம்பி வலையில்தான் கிடைப்பாள். தவசிக்கு அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவரைச் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். ஆனால் ஊழியர் பட்டியலில் இருந்து அவர் போனை எடுக்க ஒரு மாசம் ஆகும் என்றார்கள், அதுவரை அது கணக்கில் சேராது. அவர் கூடையிலிருந்து பவுன்தாயியின் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படுகையில் இறங்கினார். நடந்தார்.

பாத்திகள் இருந்த இடத்திலிருந்து வளைவு வரைக்கும் போவார், திரும்பி வருவார். கம்பால் சேற்றைக் குத்திப் பார்ப்பார், புதரை விலக்கிப் பார்ப்பார், மறுபடி நடப்பார். உட்கார முடியாது. கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் அவர் பையில் இருப்பது காவல் போன் ஆகிவிடும். பவுன்தாயியின் தம்பி சடையாண்டி கரையிலிருந்து கூப்பிட்டான்.

"மச்சான், கொஞ்சம் கஞ்சி குடிச்சிட்டுப் போங்க. போனைக் குடுங்க, அதுவரைக்கும் நான் நடக்குறேன்."

"நீ தேடு மாப்ள. இதை நான் வச்சிருக்கேன்" என்றார் தவசி. கஞ்சியை நடந்தபடியே குடித்தார்.

சாயங்காலம் அந்தப் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அமலதாஸ்.

"தவசி, நீங்கதான்னு எனக்குத் தெரியும்."

தவசி நடந்துகொண்டே கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அந்த நம்பரை இங்கருந்தே நான் கணக்குலருந்து எடுத்துவிட்டுற முடியும். கை வரல. அன்னைக்கு ரெண்டாவது கையெழுத்து கிடைக்கல தவசி."

"தெரியும் சார்."

"எத்தனை நாளைக்கு நடப்பீங்க?"

"அவ கிடைக்கிற வரைக்கும்."

"ஆஸ்பத்திரியில நாளைக்குக் காலை வரைக்கும்தான் தண்ணி இருக்கு."

"தெரியும் சார்" என்றார் தவசி மறுபடியும். அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துக்கொண்டார். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கும். நின்றுவிடலாமா என்றும் தோன்றியது. கால்தான் நிற்கவில்லை. அமலதாஸ் போனை வைக்காமல் இருந்தார், இவரும் வைக்கவில்லை. பிறகு இணைப்பு தானாகவே அறுந்தது.

பனி இறங்கிக் கரை மறைந்தது. பையில் இருந்த போன் ஒருதரம் அதிர்ந்து, கணக்குப்பிள்ளையின் குரலில் பேசியது.

"பவுன்தாயி அவர்களே, நீங்கள் ஆற்றுப்படுகையில் இருக்கிறீர்கள். நீங்கள் பாதுகாப்பாக வெளியேறும்வரை மதகு திறக்கப்படாது. தயவுசெய்து கரையேறுங்கள்."

தவசி வளைவு வரை போய்த் திரும்பினார். கால்மணி நேரம் கழித்து அது மறுபடியும் அவளைக் கூப்பிட்டது.